கபரேட்டே கடற்கரையில் ஒரு பப்: போவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவில் பனி இறுகத் தொடங்கியதும் நான் டொமினிக்கன் குடியரசின் வடகரைக்குப் புறப்பட்டுவிடுவேன். அங்கே கபரேட்டே என்ற சிறிய கடற்கரை ஊரில், வெளிநாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட ஒரு தம்பதியர் நடத்தும் பப் இருக்கிறது. உணவகமும் அதுவே. எங்கள் குடும்பத்திலும் நண்பர்களிடையிலும் யார் அந்தப் பக்கம் பயணம் போனாலும் முதலில் என்னைத்தான் அழைக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஊரிலும் பக்கத்து ஊரான சொசுவாவிலும் இப்படிப்பட்ட கடைகள் பல உண்டு. நான் சொல்வதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கபரேட்டே எங்கே இருக்கிறது? அது கரீபியன் கடல்தானா?

நாடு கரீபியன் நாடுதான். ஆனால் பப்பின் முன்னால் அலையடிப்பது அட்லாண்டிக் பெருங்கடல். ஹிஸ்பானியோலா தீவின் கிழக்கே டொமினிக்கன் குடியரசு, மேற்கே ஹெய்ட்டி. கரீபியன் கடல் தீவின் தென்கரையில் இருக்கிறது. இதைச் சொன்னதும் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டியதில்லை. அட்லாண்டிக் காற்று இல்லாவிட்டால் கபரேட்டே இன்றும் ஒரு மீனவக் குப்பமாகவே இருந்திருக்கும்.

டொராண்டோவிலிருந்து புவெர்ட்டோ பிளாட்டா விமான நிலையத்துக்கு நேரடி விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து கபரேட்டேக்குக் காரில் அரை மணி நேரம். வழியில்தான் சொசுவா.

இவ்வளவு வெளிநாட்டினர் இங்கே வந்து கடை போட்டது எப்படி?

கபரேட்டேயைப் பொறுத்தவரை காற்றுதான் காரணம். காலையில் அந்த விரிகுடா குளம்போலக் கிடக்கும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, கிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்றோடு கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். பிற்பகலில் கடல் முழுவதும் பாய்களாகத் தெரியும். 1980களில் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும், பாய் கட்டிய பலகையில் அலைமேல் சறுக்கும் விண்ட்சர்ஃபிங் செய்பவர்கள் இதைக் கண்டுபிடித்து வந்தார்கள். பிறகு பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் பறக்கும் கைட் விளையாட்டுக்காரர்கள் வந்தார்கள். காற்று பிற்பகலில் மட்டும் வீசுகிற ஊரில் காலை முழுவதும் காத்திருக்க ஓர் இடம் வேண்டும், மாலையில் உப்பு படிந்த உடம்போடு உட்கார ஓர் இடம் வேண்டும். விடுமுறைக்கு வந்து ஊர் திரும்ப மனமில்லாத சிலர் அந்த இடங்களைக் கட்டினார்கள்.

சொசுவாவின் கதை இன்னும் பழையது. என்னைப் பொறுத்தவரை அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கரைக்குப் போகக்கூடாது. 1938 ஜூலையில் பிரான்ஸின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி, நாஜிகளிடமிருந்து தப்பி ஓடும் யூதர்களை யார் ஏற்றுக்கொள்வது என்று பேசின. ஒவ்வொரு நாடாகக் கையை விரித்தபோது, டொமினிக்கன் குடியரசு மட்டும் ஒரு லட்சம் பேர் வரை ஏற்கத் தயார் என்றது. நாட்டை ஆண்ட சர்வாதிகாரி த்ருஹியோவின் மனம் இளகியதால் வந்த முடிவல்ல அது. 1937 அக்டோபரில்தான் அவருடைய படைகள் எல்லைப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஹெய்ட்டியரைக் கொன்று குவித்திருந்தன. உலகத்தின் முன் கறையைத் துடைக்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது, வெள்ளையர்களைக் குடியேற்றும் ஆசையும் இருந்தது. எப்படியாயினும், 1940இல் முதல் அகதிகள் சொசுவாவில் கைவிடப்பட்ட ஒரு வாழைத் தோட்டத்தில் வந்து இறங்கினார்கள். ஒரு லட்சம் பேர் வரவில்லை. சில நூறு பேர்தான் வர முடிந்தது. வியன்னாவிலும் பெர்லினிலும் நகர வாழ்க்கை வாழ்ந்தவர்கள் பசு வளர்க்கக் கற்றுக்கொண்டு ஒரு பால் கூட்டுறவை உண்டாக்கினார்கள். பெரும்பாலோர் பின்னால் அமெரிக்காவுக்குப் போய்விட்டாலும் சொசுவா என்ற பெயரிலான வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் நாடு முழுவதும் தெரிந்தவை. மரத்தாலான சிறிய யூதத் தொழுகைக்கூடமும் அதன் பக்கத்தில் ஓர் அருங்காட்சியகமும் இன்னும் இருக்கின்றன.

அடைக்கலம் என்ற சொல்லின் எடை டொராண்டோத் தமிழர்களுக்குத் தெரியும். ஒரு காலையை அந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பப் எங்கும் போய்விடாது.

குழந்தைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

கபரேட்டேயில் தயங்காமல் போகலாம். பப் என்றதும் இருட்டறையும் சாராய வாடையும் நினைவுக்கு வருபவர்களுக்கு இந்த இடம் வியப்பாக இருக்கும். கூரைக்கு ஓலை, தரைக்கு மணல், மேசைக்கு அடியில் ஒரு தெருநாய். பிள்ளைகள் கடலுக்கும் மேசைக்குமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்து சாப்பிட வயது கேட்பதில்லை.

சொசுவாவின் மையத்தில் சில தெருக்கள் இரவில் வேறு விதமானவை. உடல் வணிகம் அங்கே வெளிப்படையாக நடக்கிறது, அதற்கென்றே வெளிநாட்டு ஆண்கள் வருகிறார்கள். இதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அப்படிப்பட்ட மதுக்கூடங்களுக்கும் வெளிநாட்டினர்தான் உரிமையாளர்களாக இருப்பார்கள், வாசலில் இதே சிரிப்புதான் இருக்கும். நுழைந்து ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். எழுந்து வந்துவிடுங்கள்.

சாப்பிட என்ன கிடைக்கும்?

இரண்டு சமையல்கள் ஒரே அடுப்பில் நடக்கின்றன. உணவுப் பட்டியல் அட்டையின் முதல் பக்கம் உரிமையாளரின் ஊர் ஏக்கம்: மீனும் உருளைக்கிழங்கு வறுவலும், பர்கர், கோழி இறக்கை, கியூபெக்காரர் கடையாக இருந்தால் பூட்டின் (உருளைக்கிழங்கு வறுவல்மேல் பாலாடைக்கட்டியும் குழம்பும்), ஜெர்மானியர் கடையாக இருந்தால் ஷ்னிட்ஸல் (ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி). நன்றாகவே இருக்கும். ஆனால் அதைத் தின்பதற்கு நான்கு மணி நேரம் பறந்து வர வேண்டாம்.

சமையற்காரப் பெண்மணியின் சமையல் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும். அதைப் பாருங்கள். மதியத்தில் 'லா பந்தேரா', அதாவது 'கொடி': சோறு, சிவப்பு பீன்ஸ் குழம்பு, இறைச்சி, கொஞ்சம் காய். நாட்டுக் கொடியின் நிறங்களோடு ஒப்பிட்டு வைத்த பெயர். காலையில் 'மங்கு': பச்சை வாழைக்காயை அவித்து மசித்து, மேலே வதக்கிய வெங்காயம். கூடவே பொரித்த பாலாடைக்கட்டி, சலாமி, முட்டை மூன்றும் வந்தால் அதற்கு 'மூன்று அடி' என்று பெயர். வாழைக்காயைத் துண்டாக்கிப் பொரித்து, தட்டி, மறுபடி பொரிப்பது 'தோஸ்தோனெஸ்'; நம் வீட்டு வாழைக்காய் வறுவலைவிடத் தடிப்பு. முழு மீனாகப் பொரித்த சங்கரா வகைச் சிவப்பு மீனுக்கு எலுமிச்சையே போதும்.

ஒன்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும். சோற்றுப் பானையின் அடியில் பொன்னிறமாகப் பிடித்து முறுகும் பொருக்கு, 'கொன்கொன்'. நாம் காந்தல் என்று சுரண்டிப் பங்கு போட்டுத் தின்போமே, அதேதான். அங்கும் வீட்டில் அதற்குச் சண்டை நடக்கும். அட்டையில் இருக்காது. "கொன்கொன் இருக்கிறதா?" என்று நான் முதன்முதலாகக் கேட்ட அன்று சமையற்கட்டிலிருந்து அந்த அம்மாவே வெளியே வந்து, கேட்டது யார் என்று பார்த்தார். அன்று தொடங்கியது எங்கள் பழக்கம்.

தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்திய வாரங்களில் போனால், சிவப்பு பீன்ஸை அரைத்துத் தேங்காய்ப்பால், பால், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பட்டை, கிராம்பு, உலர்திராட்சை சேர்த்துக் காய்ச்சிய இனிப்பு கிடைக்கும். மேலே சிறிய பால் பிஸ்கட்டுகளைப் போட்டுத் தருவார்கள். பாயசம் குடித்து வளர்ந்த நாக்குக்கு அறிமுகமே தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெரிய பானை காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள். பப்பிலும் அந்த நாட்களில் கேட்காமலே ஒரு கிண்ணம் வரும்.

சிங்க இறாலுக்கு மார்ச் 1 முதல் ஜூன் 30 வரையும், சங்குச் சதைக்கு ஜூலை 1 முதல் அக்டோபர் 31 வரையும் பிடிதடைக் காலம். அந்த மாதங்களில் யாராவது 'இன்று காலையில் பிடித்தது' என்று கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காரம் எதிலும் இருக்காது. மிளகாய்த்தூள் டப்பாவைக் கையோடு கொண்டுபோவதில் வெட்கம் வேண்டாம்.

நாங்கள் சைவம். என்ன செய்வது?

முடியும், ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். 'கார்னே', அதாவது இறைச்சி, இல்லாமல் என்று சொன்னால் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இல்லாமல் என்றே பலர் புரிந்துகொள்வார்கள். கோழி வந்து நிற்கும். 'கோழி, மீன், ஹாம் எதுவும் வேண்டாம்' என்று பெயர் பெயராகச் சொல்லுங்கள். பீன்ஸ் குழம்பில் சுவைக்காக இறைச்சித் துண்டு போடும் வழக்கம் உண்டு, அதையும் கேளுங்கள். மங்கு, தோஸ்தோனெஸ், வெறும் சோறு, வெண்ணெய்ப்பழம், பப்பாளி, அன்னாசி. பட்டினி கிடக்க மாட்டீர்கள்.

குடிக்க?

பீர் என்றால் 'பிரசிடென்டே'. 1935 முதல் வரும் பெயர். அதைக் குளிர்விப்பது அந்த நாட்டில் ஒரு கலை. உறைபெட்டியிலிருந்து எடுக்கும்போது புட்டி முழுவதும் வெண்பனி பூத்திருக்க வேண்டும். அந்தக் கோலத்துக்கு 'மணப்பெண் உடையில்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் மேசைக்கு அப்படி ஒரு புட்டி வந்தால் பரிமாறுபவர் உங்களை மதிக்கிறார் என்று பொருள். பெரிய புட்டியை ஒருவர் வாங்கி, சிறிய கோப்பைகளில் எல்லாருக்கும் ஊற்றுவதுதான் ஊர் வழக்கம். தனித்தனியாக வாங்கித் தனித்தனியாகக் குடிப்பது வெளிநாட்டார் பழக்கம்.

ரம்மில் 'புருகால்' இந்தக் கரையின் சொந்தப் பிள்ளை. 1888இல் புவெர்ட்டோ பிளாட்டாவில் தொடங்கியது. மரப்பட்டைகளும் மூலிகைகளும் அடைத்த புட்டியில் ரம்மும் சிவப்பு ஒயினும் தேனும் ஊறவைத்த 'மாமாஹுவானா'வை ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். கஷாய வாசம் அடிக்கும்.

முத்திரை உடைந்த புட்டியிலிருந்தோ, வழியில் யாரோ நீட்டும் பிளாஸ்டிக் புட்டியிலிருந்தோ குடிக்காதீர்கள். 2020இலும் 2021இலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் அந்த நாட்டில் பலர் இறந்தார்கள். குழாய்த் தண்ணீரும் வேண்டாம். நல்ல பப்பில் பனிக்கட்டியைக்கூடச் சுத்திகரித்த தண்ணீரில் செய்ததாகத்தான் வாங்குவார்கள்.

பில் ஏன் அட்டையில் இருப்பதைவிட அதிகமாக வருகிறது?

விற்பனை வரி 18 விழுக்காடு. அதோடு தொழிலாளர் சட்டப்படி சேர்க்கப்படும் 10 விழுக்காடு சேவைக் கட்டணம். ஆயிரம் பெசோவுக்குச் சாப்பிட்டால் ஆயிரத்து இருநூற்று எண்பது. சில கடைகளில் வரி சேர்த்தே விலை போட்டிருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 10 விழுக்காடு ஊழியர்களுக்குப் பகிர்ந்து தரப்பட வேண்டிய பணம். எல்லா முதலாளிகளும் ஒழுங்காகத் தருவதில்லை. ஒருமுறை வேறொரு கடையில், சேவைக் கட்டணம் போட்ட பில்லிலேயே அன்பளிப்புக்கென்று இன்னொரு தொகையும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். இரண்டையும் கட்டினேன். வெளியே வந்தபிறகுதான், இரண்டில் எதுவும் தன் கைக்கு வருவதில்லை என்று பரிமாறிய பெண் சொன்னாள். அன்றிலிருந்து கூடுதலாகத் தருவதைப் பெசோவாக, நேராகக் கையில் கொடுக்கிறேன்.

ஸ்பானிய மொழி தெரியாதே?

உரிமையாளருக்கு ஆங்கிலம் தெரியும், பரிமாறுபவர்களுக்கும் ஓரளவு. ஆனால் நான்கைந்து சொற்கள் கதவைத் திறந்துவிடும். உள்ளே நுழையும்போது யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் பொதுவாக 'சலூதோஸ்', வணக்கம், என்று சொல்லுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைக் கடந்து போகும்போது 'புவென் ப்ரோவேச்சோ', நன்றாகச் சாப்பிடுங்கள், என்று சொல்வார்கள்; முன்பின் தெரியாதவர்களும் சொல்வார்கள். அதை நானும் சொல்லப் பழகியபின் ஊர் என்னைப் பார்க்கும் பார்வையே மாறியது.

'அகோரீத்தா' என்ற சொல்லுக்கு மெக்சிகோவில் 'இதோ, இப்போதே' என்று பொருள். இங்கே 'பிறகு' என்று பொருள். எவ்வளவு பிறகு என்பது சொல்லில் இல்லை.

தொலைக்காட்சியில் கிரிக்கெட் போடுவார்களா?

மாட்டார்கள். சனிக்கிழமை காலையில் இங்கிலாந்துக் கால்பந்து, குளிர்கால இரவில் கனடாவின் ஐஸ் ஹாக்கி. இவை வெளிநாட்டாருக்கு. அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரை உள்ளூர் பேஸ்பால் பருவம். சந்தியாகோவின் ஆகிலாஸ் அணியும் சாந்தோ டொமிங்கோவின் லிசேய் அணியும் மோதும் இரவில் பப்பின் முகமே வேறு. சமையலறையில் பாத்திரம் கழுவுபவர்முதல் காவற்காரர்வரை எல்லாரும் திரைமுன் நிற்பார்கள், ஹாக்கி கேட்கும் கனடாக்காரர் காத்திருக்க வேண்டும். வடகரையில் பெரும்பாலும் ஆகிலாஸ் பக்கம்தான். தெரியாவிட்டால் மஞ்சள் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரம் போகுமாமே?

போகும். மின்கலத்தில் ஓடும் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ பெரும்பாலான கடைகளில் உண்டு. விசிறி நின்று, பாட்டு நின்று, இரண்டு நொடி அலையோசை மட்டும் கேட்கும். எனக்கு அந்த இரண்டு நொடி பிடிக்கும்.

எந்த மாதத்தில் போகலாம்?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கனடாக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். மேசைக்கு முன்பதிவு வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றுக்காக வருபவர்கள். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. செப்டம்பர், அக்டோபரில் பல கடைகள் சில வாரம் மூடிவிடும். ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தில் நாடே கடற்கரைக்கு வந்துவிடும். கூட்டம் பிடிக்குமென்றால் அதைவிட நல்ல நேரமில்லை.

நல்ல பப் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை.

மணலில் மேசை, சூரியன் சாய்வது, கிதார்க்காரர் எல்லாம் எல்லா இடத்திலும் இருக்கும். நான் பார்ப்பது இரண்டுதான். டொமினிக்கன் மக்கள் அங்கே தங்கள் காசில் வந்து உட்காருகிறார்களா? போன ஆண்டு பரிமாறியவர்கள் இந்த ஆண்டும் இருக்கிறார்களா? முதல் கேள்விக்கு ஆம் என்றால் விலையும் சுவையும் மரியாதையும் சரியாக இருக்கின்றன. தெருமுனையில் 'கோல்மாதோ' இருக்கிறது. மளிகைக்கடையும் அதுதான், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, டோமினோ ஆட்டம், உரத்த பச்சாத்தா இசை, இதைவிடப் பாதி விலையில் பீர். அதை விட்டுவிட்டு ஓர் உள்ளூர்க் குடும்பம் இங்கே வருகிறதென்றால் தாங்கள் விருந்தினராக நடத்தப்படுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றால் சம்பளம் ஒழுங்காக வருகிறது.

நான் போகும் கடையின் முதலாளி அன்பானவர்தான். ஆனால் 'நட்பான கடை' என்று ஊர் சொல்வது அவருடைய முயற்சியால் மட்டும் வந்ததல்ல. என் பெயரை நினைவில் வைத்திருப்பதும், போன ஆண்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அக்காவைப் பற்றி விசாரிப்பதும் பரிமாறும் பெண்தான். கொன்கொனை எடுத்து வைப்பது சமையற்கார அம்மா. பெயர்ப்பலகையில் முதலாளியின் பெயர் இருக்கட்டும். நீங்கள் இவர்களுடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடற்கரையில் முந்திரியும் மாலையும் விற்றுக்கொண்டு வருபவர்களில் பலர் ஹெய்ட்டியர். அவர்களை ஈயைப்போல விரட்டும் கடை என்றால் நான் அங்கே மறுமுறை போவதில்லை. கடலோரத்தில் அறுபது மீட்டர் அகலத்துக்குச் சட்டப்படி பொதுநிலம். நடக்க எல்லாருக்கும் உரிமை உண்டு.

நானே அங்கே ஒரு பப் தொடங்கினால் என்ன?

மூன்றாவது இரவில் எல்லாருக்கும் இந்த எண்ணம் வரும். வெளிநாட்டவர் கடை நடத்தத் தடையில்லை. சாதாரண வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவு செய்ய இரண்டு பங்காளிகளாவது வேண்டும். ஊழியர்களில் 80 விழுக்காடு டொமினிக்கன் குடிமக்களாக இருக்க வேண்டும் என்கிறது தொழிலாளர் சட்டம். ஓய்வூதியம் மாதம் 1,500 அமெரிக்க டாலர் வருபவர்களுக்கு வதிவிட அனுமதியில் சலுகைச் சட்டமும் உண்டு. இதெல்லாம் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். அக்டோபர் மாதத்து வெற்று மேசைகளை எந்த வழக்கறிஞரும் பார்த்துக்கொள்ள மாட்டார். ஆசை உண்மையென்றால், கூட்டமுள்ள ஜனவரியில் முடிவெடுக்காதீர்கள். ஓர் அக்டோபர் மாதம் முழுவதும் அங்கே இருந்து பாருங்கள்.

இரவில் எப்போது மூடுவார்கள்? எப்படித் திரும்புவது?

வார நாட்களில் நள்ளிரவோடு மது விற்பனை நிற்கும், வெள்ளி, சனி இரவுகளில் இன்னும் சற்று நேரம். மோட்டார் சைக்கிள் டாக்சியான 'மோட்டோகோன்ச்சோ' வாசலிலேயே நிற்கும், மலிவும்கூட. பகலில் நானும் ஏறுகிறேன். குடித்தபின், இரவில், வேண்டவே வேண்டாம். சாலை விபத்துச் சாவுகளில் உலகிலேயே மோசமான நாடுகளில் அதுவும் ஒன்று. கடைக்காரர்களிடமே தெரிந்த டாக்சி ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். 'அகோரீத்தா' என்று பதில் வரும். அதற்குள் விளக்குகள் பாதி அணைந்திருக்கும், நாற்காலிகள் மேசைமேல் ஏறியிருக்கும், பின்மேசையில் ஊழியர்கள் தங்கள் சோற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். கடந்து போகும்போது 'புவென் ப்ரோவேச்சோ' சொல்லுங்கள். பானை இன்னும் கழுவப்படாமல் இருந்தால், டாக்சி வரும்வரை உங்களுக்கும் ஒரு துண்டு கொன்கொன் கிடைக்கும்.